வயல் எலி: கோடை வரப்பிலிருந்து குலுக்கை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் நம்மில் பலருக்கு எலி ஞாபகமே வரும். நெல் மணி முற்றுகிற நேரம். காலையில் வரப்பில் நடந்தால் ஓரம் முழுக்கப் பச்சையாக, நிமிர்ந்து நிற்கும். வயலுக்குள் பத்தடி இறங்கினால்தான் தெரியும், நடுவில் பாய் விரித்தது போல ஒரு வட்டம் சரிந்து கிடப்பது. குனிந்து ஒரு தூரைக் கையில் எடுத்துப் பாருங்கள். தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில், அரிவாளைச் சாய்த்து இழுத்தது மாதிரி சரிவாக வெட்டியிருக்கும். கதிர் மட்டும் இருக்காது.

உடனே கடைக்கு ஓடி மருந்து வாங்கி வருவோம். அந்த மருந்தை எலி தொடாது. தலைக்கு மேலே புது நெல் தொங்கும்போது கீழே கிடக்கிற குருணையை அது எதற்காகத் தின்ன வேண்டும்? கதிர் தண்டுக்குள் உருவாகிற சூல் பருவத்தில்தான் பெட்டை எலியும் குட்டி போட ஆரம்பிக்கும். மூன்று வாரத்தில் ஓர் ஈற்று; ஈற்றுக்கு ஆறு, எட்டுக் குட்டி. மூன்று மாதத்தில் அந்தக் குட்டியே குட்டி போடும். சித்திரையில் தப்பிய ஒரு பெட்டைதான் தை மாதத்தில் ஒரு கூட்டமாக நிற்கிறது. ஆகவே எலிக்கான வேலை கதிரில் ஆரம்பிக்கக் கூடாது. தண்ணீர் திறப்பதற்கு முன்னால், வரப்பில் ஆரம்பிக்க வேண்டும். அதுவும் தனியாக இல்லை, ஒரே மடையில் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து.

எந்த எலி என்று முதலில் பாருங்கள்

எல்லாவற்றையும் ‘எலி’ என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பழக்கம் வேறு.

நெல் வயலில் பெரிய சேதம் செய்வது கரம்பை எலி. பருத்த உடம்பு, கட்டை மூக்கு, கோபக்காரன், பிடித்தால் சீறும். இதன் வளையைக் கண்டுபிடிப்பது சுலபம். வாசலில் புது மண்ணைக் குவித்து, உள்ளிருந்தே அடைத்து வைத்திருக்கும். பெரும்பாலும் ஒரு வளைக்கு ஒரு பெரிய எலிதான், பெட்டையாக இருந்தால் குட்டிகளோடு. கதிரை அறுத்து உள்ளே சேர்த்து வைப்பதும் இதுதான். ஒருமுறை வாய்க்கால் கரையில் ஒரு வளையை மம்பட்டியால் தோண்டினோம். முழங்கால் ஆழத்தில் ஓர் அறை. அதில் கதிர்களைக் காம்பு ஒரு பக்கமாகப் பார்த்து அடுக்கியிருந்தது. தட்டி அளந்தால் ஒரு படி நெல்லுக்குக் குறையவில்லை. பக்கத்து அறையில் வைக்கோல் துணுக்கு மெத்தை, அதில் கண் திறக்காத ஏழு குட்டி. அங்கிருந்து ஒரு கிளைவழி மேலே ஏறி, மண்ணுக்கு ஒரு விரல்கடை கீழே வந்து நின்றிருந்தது. ஆபத்து வந்தால் முட்டிக்கொண்டு ஓடுகிற தப்பு வாசல் அது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

புல் எலி இதைவிடச் சிறியது, மெத்தென்ற முடி; வரப்புப் புல்லிலும் மண் வெடிப்பிலும் ஒண்டியிருக்கும். வயல் சுண்டெலி கட்டைவிரல் அளவுதான். விதைத்த விதையைப் பொறுக்கும். வெள்ளெலிக்கு வால் நுனியில் முடிக்கொத்து இருக்கும். உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் மானாவாரிக் கடலைக் காட்டில் இது அதிகம். வீட்டிலும் தென்னையிலும் ஏறுவது வீட்டு எலி. அது வேறு கணக்கு, பின்னால் வருகிறேன்.

தண்ணீர் வருவதற்கு முன்: வரப்பு வேலை

எங்கள் மதுரைப் பக்கம், பெரியாறு பாசனத்தில் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை உள்ள 45,041 ஏக்கர் இருபோகம். அணையில் தண்ணீர் இருந்தால் ஜூனில் திறப்பார்கள். இந்தப் பகுதிக்காரர்களுக்கு மே மாதம்தான் எலி மாதம். மேலூர், திருமங்கலம் பக்கம் உள்ள 1,05,002 ஏக்கர் ஒருபோகத்துக்குச் செப்டம்பர் வாக்கில் திறப்பு. அவர்கள் ஆகஸ்டில் தொடங்கலாம். கண்மாய்ப் பாசனக்காரர்கள் ஐப்பசி மழைக்கு முன்னால்.

ஏன் இந்த நேரம்? வயலில் தின்ன ஒன்றும் இல்லை. தண்ணீரும் இல்லை. எலி எல்லாம் வாய்க்கால் கரை, கண்மாய்க் கரை, தென்னந்தோப்பு ஓரம், களத்து மேடு என்று ஒதுங்கி நிற்கும். எண்ணிக்கையும் வருஷத்திலேயே மிகக் குறைவு. பசியில் இருப்பதால் வைத்ததைத் தின்னும். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

முதல் வேலை வரப்பைக் குறைப்பது. நம் பக்கம் வரப்பை மாட்டுவண்டி போகிற அகலத்துக்கு விட்டு வைத்திருக்கிறோம். வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பது 45 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம். அவ்வளவு ஒல்லியான வரப்பில் கரம்பை எலியால் அறை வைத்து, குட்டி போட்டு, கதிர் சேர்க்க முடியாது. அகலமான வரப்பை வெட்டிச் சிறுத்தால் நிலமும் கொஞ்சம் மிச்சம். வரப்புப் புல்லைச் செதுக்கி எடுங்கள். வாய்க்கால் ஓரத்துப் புதரையும் நாணலையும் அடித்துவிடுங்கள். ஒண்ட இடமில்லாத எலி இருட்டில்கூட வெளியே வரத் தயங்கும். ஆந்தைக்கு அது கண்ணில் படும்.

கோடை உழவை விட்டுவிடாதீர்கள். ஒரு மழை பெய்ததும் ஆழ உழுதால் வயலுக்குள் இருக்கிற வளைகள் உடையும்.

உயிர் வளையைக் கண்டுபிடிப்பது

கண்ணில் படுகிற எல்லா வளையிலும் மருந்து வைப்பது வீண் செலவு. பாதி வளை காலியாகத்தான் இருக்கும். ஒரு நாள் சாயங்காலம் நடந்து, எல்லா வளை வாசலையும் மண்ணால் மிதித்து அடையுங்கள். மறுநாள் விடிந்ததும் வந்து பாருங்கள். எது திறந்து புது மண் தள்ளியிருக்கிறதோ அதுதான் உயிர் வளை. பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, துணிக்கிழிசல் கட்டிவிடுங்கள். எத்தனை குச்சி என்று எண்ணினால் எத்தனை பொட்டலம் வேண்டும் என்று தெரிந்துவிடும். முடிந்த பிறகு எத்தனை குறைந்தது என்றும் இதே மாதிரி எண்ணிப் பார்க்கலாம். இந்த ஒரு ராத்திரி வேலையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்து பணம் அதிகம் வீணாவது இங்கேதான்.

ஒரு எச்சரிக்கை: எந்த வளைக்குள்ளும் கையை விடாதீர்கள். எலி இருந்த வளையில் நல்ல பாம்போ கண்ணாடி விரியனோ படுத்திருக்கும். மம்பட்டி, நீளக் குச்சி, டார்ச், காலுக்கு பூட்ஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். கடித்துவிட்டால் கட்டுப்போட்டு இறுக்காமல், கீறாமல், நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

தோண்டுவதும் புகை போடுவதும்

பழைய முறைதான், இன்றைக்கும் நன்றாக வேலை செய்யும். ஒரு மண்பானையில் வைக்கோல், சருகு போட்டுக் கொளுத்தி, பானை வாயை வளை வாசலில் பொருத்தி, பின்னால் இருக்கிற ஓட்டை வழியாக ஊதுவார்கள். மற்ற வாசல்களை முன்பே அடைத்திருக்க வேண்டும். புகை எங்கிருந்தெல்லாம் கசிகிறதோ அங்கெல்லாம் தப்பு வாசல் இருக்கிறது என்று அர்த்தம். அங்கே ஓர் ஆள் தடியோடு நிற்க வேண்டும். வாயால் ஊதுகிறவருக்கு நுரையீரல் கெட்டுவிடும். கையால் சுற்றுகிற விசிறி வைத்த புகைப்பான் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

எலி பிடிப்பவர்களைக் கூலிக்கு இறக்கினால், அவர்கள் வளை நெல்லையும் எடுத்துப் போவார்கள், எலியையும் சமைப்பார்கள். அது அவர்கள் உழைப்புக்கு உரியது. ஆனால் மருந்து வைத்த வயலில் அவர்களை இறக்கவே கூடாது. எந்த வரிசை என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்: முதலில் தோண்டுவது, பிடிப்பது; அதற்கப்புறம்தான் மருந்து. மருந்து வைத்தாயிற்று என்றால் பக்கத்து ஊர் ஆட்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

சேர்ந்து செய்யாவிட்டால்

ஒரு வருஷம் நான் மட்டும் எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். வரப்பு சிறுத்தேன், வளை தோண்டினேன். மேற்கே இருந்த நிலம் தரிசு. அந்த நிலத்துக்காரரிடம் போய், “சித்தப்பா, உங்க வரப்பையும் சேர்த்துப் பார்த்துருவோமா?” என்று கேட்டேன். “எனக்கு நடவே இல்லையேப்பா, எனக்கெதுக்கு எலி மருந்து?” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்கும் அப்போது அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. மார்கழியில் அந்தத் தரிசுப் புதரிலிருந்து வந்த எலி மேற்குப் பக்கத்து இரண்டு குண்டு வயலைச் சுத்தமாக வழித்துவிட்டது.

எலிக்குப் பட்டா எண் தெரியாது. ஒரு வயலில் காலி செய்தால், காலியான வளைக்குப் பக்கத்து வயல் எலி குடிவந்துவிடும். அதனால் ஒரு மடைக்கு உட்பட்ட நிலம் முழுவதையும் ஒரே வாரத்தில் முடிக்க வேண்டும். தரிசு, கண்மாய்க் கரை, வாய்க்கால் கரை எல்லாம் சேர்த்து. நடவையும் முடிந்தவரை இரண்டு வாரத்துக்குள் எல்லாரும் முடித்துவிடுங்கள். ஒருவர் ஐப்பசியிலும் ஒருவர் கார்த்திகைக் கடைசியிலும் நட்டால், எலிக்கு ஒரு வயல் தீரும்போது அடுத்தது தயார். குட்டி போடுகிற காலமும் நீண்டுகொண்டே போகும். கூட்டம் போட்டுச் சொல்ல வேண்டியது இதுதான். வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டால் ஆள் வந்து செய்து காட்டுவார்கள். ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியிலும் போய்க் கேட்கலாம்.

நடவுக்குப் பிறகு: கிட்டி

நட்டு ஒரு வாரம், பத்து நாளிலிருந்து கிட்டி என்கிற பொறியை வைக்கலாம். மூங்கிலை வில்லாக வளைத்து, நூல் சுருக்குப் போட்டுச் செய்த தஞ்சாவூர்க் கிட்டி விலை குறைவு, கை தேர்ந்தவர் வைத்தால் நன்றாக மாட்டும். ஏக்கருக்கு 40 கிட்டி. எலி நடக்கிற தடத்தில் வைக்க வேண்டும். கண்ட இடத்தில் வைத்தால் சும்மா நிற்கும். ஈரச் சேற்றில் பிஞ்சுக் காலடியும், தண்டு மிதிபட்ட ஒற்றையடிப் பாதையும் தெரியும், அதுதான் தடம். சாயங்காலம் வைத்து, விடியற்காலையில் எடுத்துவிடுங்கள். பகலில் விட்டால் கொக்கும் நாரையும் மாட்டும்.

பானைப் பொறியும் உண்டு. வாயகன்ற பானையைக் கழுத்துவரை புதைத்து, பாதி தண்ணீர் ஊற்றி, மேலே உமியும் கொஞ்சம் பொரியும் மிதக்கவிடுவது. நெல் வயலைவிட களத்து மேட்டிலும் கடலைக் காட்டு ஓரத்திலும் இது பயன்படும்.

மருந்து: எப்போது, எப்படி, எது கூடாது

மருந்து வைக்கச் சரியான நேரம் இரண்டு. ஒன்று தண்ணீர் திறப்பதற்கு முன். இன்னொன்று தூர் கட்டி முடிகிற சமயம், பொதி தள்ளுவதற்கு, அதாவது சூல் பருவத்துக்கு, முன்னால். அதற்குப் பிறகு மருந்தை நம்பாதீர்கள்.

எலி சந்தேகப் பிராணி. புதிதாக ஒன்றைப் பார்த்தால் கொஞ்சம் கடித்துப் பார்த்துவிட்டு நிறுத்திவிடும். உடம்புக்கு ஆகவில்லை என்றால் அடுத்து அதைத் தொடவே தொடாது. இதனால்தான் துத்தநாக பாஸ்பைடு வைக்கிறவர்கள் பலர் தோற்கிறார்கள். அதற்குப் பழக்கப்படுத்த வேண்டும். முதல் இரண்டு நாளும் மருந்தில்லாத குருணையை எண்ணெயில் பிசறி ஒவ்வொரு உயிர் வளையிலும் வையுங்கள். தின்று பழகட்டும். மூன்றாம் நாள்தான் மருந்து.

கலவை: குருணை அல்லது பொரி 960 கிராம், கடலை எண்ணெய் 20 மி.லி., துத்தநாக பாஸ்பைடு 20 கிராம். முதலில் எண்ணெயை ஊற்றிக் கலந்து, பிறகு மருந்தைத் தூவிக் குச்சியால் கிளற வேண்டும். தண்ணீர் ஒரு சொட்டுக் கூட படக் கூடாது. ஈரம் பட்டால் பாஸ்பீன் என்ற விஷ வாயு கிளம்பும். திறந்த வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி, கையுறையும் முகத்துணியும் போட்டுக் கலக்குங்கள். வெறுங்கை பட்டால் உங்களுக்கு ஆபத்து. சமையல் பாத்திரம் எதையும் இதற்கு எடுக்காதீர்கள். பத்துப் பத்து கிராம் காகிதப் பொட்டலமாகக் கட்டினால் நூறு வளைக்கு வரும். பொட்டலத்தைக் குச்சியால் வளைக்குள் தள்ளி, வாசலை லேசாக மூடுங்கள். மறுநாள் காலையில் செத்த எலியையும் மிஞ்சிய பொட்டலத்தையும் பொறுக்கி ஆழப் புதையுங்கள்.

இந்த மருந்தை ஒரு போகத்துக்கு ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தாதீர்கள். ஒரு தடவை கடித்துத் தப்பிய எலி அதை மறுபடி தொடாது. பத்து நாள் கழித்து மறுபடி வளை அடைத்துப் பார்த்து, திறந்திருப்பவற்றில் மட்டும் புரோமாடியோலோன் வையுங்கள். கலக்குகிற தூள் 0.25 சதவீதம் என்றால் அதே 960-20-20 கணக்குதான்; இல்லாவிட்டால் தயாராக வருகிற வில்லையை வாங்கலாம். இதற்குப் பழக்கப்படுத்தத் தேவையில்லை. ரத்தம் உறையாமல் செய்து மெதுவாகக் கொல்வதால், தின்றதற்கும் சாவதற்கும் எலியால் முடிச்சுப் போட முடியாது. நாலு நாள் முதல் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். வேலை செய்யவில்லை என்று அவசரப்பட்டு வேறு எதையும் வைக்காதீர்கள்.

இப்போது கூடாதவை. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது.

வரப்பின் மேல் மருந்தைத் தூவாதீர்கள். நம் ஊரில் மயில் எங்கும் மேய்கிறது. தூவிய குருணையை முதலில் பொறுக்குவது மயில்தான். வழக்கு ஒரு பக்கம், அந்தப் பாவம் ஒரு பக்கம். எங்கள் வீட்டு நாய், சரியாகப் புதைக்காத ஓர் எலியைத் தின்று ஒரே ராத்திரியில் செத்தது. புதைத்தது நான்தான், ஒரு சாண் ஆழம்கூடத் தோண்டவில்லை. இரண்டடியாவது தோண்ட வேண்டும்.

மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது. எந்தக் கடையில் நீட்டினாலும் வாங்காதீர்கள். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை நாமாக வாங்கி வளையில் போடுவதும், வீட்டுக்குள் மூட்டைக்கு நடுவில் வைப்பதும் உயிருக்கு உலை; பயிற்சியும் அனுமதியும் உள்ளவர்கள் மட்டும் செய்ய வேண்டிய வேலை அது. எலிக்கென்று வரப்பில் மின்கம்பி இழுப்பது குற்றம். அதில் சிக்குவது விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்ச வருகிற மனிதர்.

மருந்தை வீட்டு அலமாரியில், பலசரக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியை ஒருவர் கையில் வையுங்கள். கோபத்திலோ மனவேதனையிலோ கை எட்டுகிற தூரத்தில் அது இருக்கவே கூடாது. மிச்சம் வராத அளவுக்கு வாங்குவதுதான் நல்லது. யாராவது விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர், மோர், முட்டை என்று எதையும் கொடுக்காமல் 108-ஐக் கூப்பிட்டு, மருந்து அட்டையையும் கையோடு கொண்டு போங்கள். புரோமாடியோலோனுக்கு வைட்டமின் கே1 மாற்று மருந்து உண்டு. துத்தநாக பாஸ்பைடுக்கு மாற்று மருந்தே கிடையாது. எந்த மருந்து என்று டாக்டருக்குத் தெரிந்தால்தான் சிகிச்சை.

ஆந்தை, சாரை

கூகை கத்தினால் ஆகாது என்று கல்லெறிந்து விரட்டுகிறோம். கோபுரத்திலும் பழைய வீட்டிலும் அடைகிற அந்த வெண்முகக் கூகை ராத்திரி முழுக்கத் தேடுவது எலியைத்தான். வயலில் ஐந்தடி, ஆறடி உயரத்தில் குறுக்குக் கட்டை வைத்த குச்சி நட்டால் அது வந்து உட்காரும். தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டாலும் போதும். நட்டதிலிருந்து வையுங்கள், மணி பிடிக்கிற நேரத்தில் பிடுங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பகலில் நெல் தின்னுகிற குருவி அதில் உட்காரும். சாரைப் பாம்புக்கு விஷம் இல்லை. அதை அடித்தால் ஓர் எலிபிடிகாரனை அடித்த மாதிரி.

கரும்பு, தென்னை, கடலை

அலங்காநல்லூர்ப் பக்கம் கரும்பு போட்டவர்களுக்குத் தெரியும், சாய்ந்த கரும்புதான் எலிக்குக் கோட்டை. ஐந்தாம் மாதமும் ஏழாம் மாதமும் சோகையை, அதாவது காய்ந்த தோகையை, உரித்து, விட்டம் கட்டி நிமிர்த்தி வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

சோழவந்தான் தென்னந்தோப்புகளில் குரும்பையைக் காம்புப் பக்கம் வட்டமாக ஓட்டை போட்டுத் தள்ளியிருந்தால் அது எலி. தரையிலிருந்து ஆறு, ஏழடி உயரத்தில் ஒன்றேகால் அடி அகலத்துக்கு வழவழப்பான தகரம் சுற்றுங்கள். ஆனால் மட்டைக்கு மட்டை தொட்டுக்கொண்டிருந்தால் தகரம் பிரயோசனமில்லை. ஒரு மரத்தில் ஏறினால் தோப்பு முழுக்கச் சுற்றிவரும். அப்படிப்பட்ட தோப்பில் ஐந்து மரத்துக்கு ஒரு மரம் என்று, கொண்டையில் 10 கிராம் புரோமாடியோலோன் வில்லை வைத்து, 12 நாள் கழித்து இன்னொரு தடவை வைக்க வேண்டும்.

கடலைக்கு ஓரப் புதரை வெட்டுவதும், பிடுங்கின கடலையைக் காட்டிலேயே ராத்திரி போட்டு வைக்காமல் இருப்பதும் முக்கியம்.

களமும் குலுக்கையும்

அறுப்பு முடிந்ததும் வயல் எலி நெல்லின் பின்னாலேயே ஊருக்குள் வரும். வைக்கோல் படப்பைத் தரையில் போடாமல் கல் வைத்து, கட்டை பரப்பி அதன் மேல் போடுங்கள். வீட்டுச் சுவரோடு ஒட்டாமல் தள்ளியிருக்கட்டும். மூட்டைகளைப் பலகை மேல், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி அடுக்கினால் பின்னால் கூடு கட்ட முடியாது, நீங்களும் எட்டிப் பார்க்கலாம். கதவுக்கடியில் தகடு அடியுங்கள். ஆள்காட்டி விரல் நுழைகிற சந்தில் எலி நுழையும்; பென்சில் நுழைகிற சந்து சுண்டெலிக்குப் போதும். பழைய துணி, காகிதம் வைத்து அடைத்தால் கடித்துவிடும். கம்பி வலையோடு சிமெண்ட் பூசுங்கள்.

குலுக்கை, அதாவது நெல் கொட்டி வைக்கிற பெரிய மண் குதிர், வைத்திருக்கிற வீடுகள் இப்போது குறைவு. இருந்தால் உடைத்துவிடாதீர்கள். அடியில் நெல் எடுக்கிற வாய்க்கு இறுக்கமான மூடி போட்டு, மேல் வாயை மண் பூசி அடைத்தால் சாக்கு மூட்டையைவிடப் பத்திரம். நெல் இருக்கிற இடத்தில் மருந்து வேண்டாம், கூண்டுப் பொறி போதும். கருவாட்டுத் துண்டு அல்லது சுட்ட தேங்காய்ச் சில்லு வையுங்கள். மாட்டின எலியை எடுத்ததும் பொறியைக் கொதிக்கிற தண்ணீரில் கழுவி வெயிலில் காயவையுங்கள்.

எலிக் காய்ச்சல்

எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் வெறுங்காலோடு நின்றால், காலில் இருக்கிற சிறு வெடிப்பு வழியாகவே கிருமி உள்ளே போகும். நாற்றுப் பறிக்கிற பெண்களும் வாய்க்கால் வெட்டுகிற ஆண்களும் இதில் அதிகம் அகப்படுகிறார்கள். திடீர்க் காய்ச்சல், கண் சிவப்பு, கெண்டைக்காலில் தாங்க முடியாத வலி இருந்தால் சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுப் படுக்காதீர்கள். கண் மஞ்சளாகும்வரை காத்திருக்கவும் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில், “வயல் தண்ணியில நின்னேன்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையில் டாக்டருக்கு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும். காலில் புண் இருக்கிற அன்றைக்குச் சேற்றில் இறங்காதீர்கள்; செத்த எலியை உறை போடாத கையால் தூக்காதீர்கள்.